ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர்

ஏஞ்சல், நீ கேட்ட ஏணி பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறது. அலுமினிய ஏணி, பதினாறு அடி. ஒரு ஆளே தூக்கிவிடலாம். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போ. அதில் குறை ஒன்றும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் போலீஸ் காகிதத்தில் "ஏணி வழுக்கியதால்" என்று எழுதியிருக்கிறார்கள். அதை நினைத்து நீ பயப்படக் கூடாது என்றுதான் முதலில் இதைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துளசியின் தாள்களைக் கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் காபி கலக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். இது அதற்கான பதில். நீ அவளிடம் படித்தவள். என் மனைவி பாதியில் விட்ட புத்தகத்தை முடித்துக் கொடுக்க வந்திருப்பவள். உனக்குச் சரியான பதில் கிடைக்க வேண்டும்.

கல்லூரியில் இருபத்தாறு வருடம் எல்லாத் தாவரங்களையும் பாடம் நடத்தினாலும் அவள் மனம் இருந்தது பாசியும் பூஞ்சையும் கூடி வாழ்கிற அந்த ஒரு லைக்கனில்தான். அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் அதை எப்படிப் பார்த்தேன் என்பதற்காக எழுதுகிறேன். சாம்பல் கலந்த வெள்ளை. மரப்பட்டையிலும் கல்லிலும் வட்டமாக அப்பிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினாலும் முழுசாக வராது. ஓரங்கள் மெல்லிய விரல்களாகப் பிரிந்து வெளியே போகும். நடுவில் மாவு தூவிய மாதிரி இருக்கும். ஜவுளிக்கடைக் கல்லாவில் நோட்டைச் சோதிக்கும் நீல விளக்கை அதன் மேல் பிடித்தால் மஞ்சளாக ஒளிரும். எங்கள் வீட்டில் அதற்குத் தேமல் என்று பெயர். ஏனாத்தூர் சாலை மாமரங்களில் இருக்கிறது, திருப்புட்குழித் தென்னைகளில் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் இருக்கிறது. "ஒலகம் பூரா இருக்குது, ஒருத்தரும் பாக்கறது இல்ல" என்பாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்வது போல எனக்குத் தோன்றும்.

என் தொழில் உனக்குத் தெரியும். பட்டுப்புடவைப் புட்டாக்களுக்குக் கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடுவது. அதனால் அவளுக்கு நான் பயன்பட்டேன். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் ஊரே ஆற்றுக்கும் கோயிலுக்கும் போகும்போது நாங்கள் ஏணியோடு போவோம். அவள் மேலே ஏறி, புடவை உறைக்கு வரும் கண்ணாடித் தாளைத் தேமலின் மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைவாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டைக் கட்டத்தாளில் மாற்றுவேன். நான்கு இடங்கள். அவற்றில் பெரியது ஓரிக்கைக்கு அப்பால் பாலாற்றங்கரையில் உள்ள பழைய மண்டபத்துச் சுவர். பன்னிரண்டடி உயரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. புத்தகமே அந்தச் சுவரை வைத்துத்தான்.

பதினோரு வருடம் அப்படிப் போனது. பிறகு அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏணி ஏறக்கூடாது என்றார்கள். நான் தனியாகப் போனேன்.

அங்கே உழவாரப்பணி செய்பவர்கள் வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு பாழடைந்த இடத்தைச் சுத்தம் செய்கிறவர்கள். அந்தச் சுவரை ஆசிட் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் அடித்து முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு அடுத்த சுவர். எனக்கும் ஒரு பொட்டலம் புளிசாதம் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

வீட்டில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டாள். இரண்டு மில்லிமீட்டர் என்றேன். அவள் முகம் எப்படி ஆயிற்று என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

செய்வது கஷ்டமாக இல்லை. சின்ன மாங்காய்ப் புட்டாவைப் பெரிய கரைக்கு ஏற்ப விரிக்கிற வேலைதான். பழைய தாளை எடுத்து, நாலா பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கோடு. அப்படி ஏழு தாள்கள். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மண்டபத்துக்குப் போய், தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். இந்தச் சுவரில் மட்டும் வளர்ச்சி இவ்வளவு சீராக இருப்பது வியப்பு என்று அவள் எழுதினாள். சென்னையில் ஒரு கருத்தரங்கில் அதைச் சொன்னபோது கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். நானும் தட்டினேன்.

நீ கேட்டது இதைத்தான்: "அங்கிள், வெயில் பக்கம் நெழல் பக்கம் எல்லாம் ஒரே அளவா வளந்திருக்குதே, லைக்கன் அப்பிடி வளராதே?" எனக்கு அது தெரியாது. புட்டாவில் ஒரு பக்கம் ஒரு கட்டம் கூடினாலும் நெசவாளர் வீட்டுக்கே வந்து திட்டுவார். நான் பழகியது அது.

எட்டாம் வருடம் அவளுக்கு மூட்டு மாற்று அறுவை நல்லபடி முடிந்திருந்தது. புத்தகத்துக்குக் கடைசி அளவைத் தானே எடுப்பதாகச் சொன்னாள். ஏணி சரியில்லை என்றேன். புது ஏணி வாங்கினாள். நீ எடுத்துப் போகப்போவது அதுதான். மேலே தேன்கூடு இருக்கிறது என்றேன். "ஏழு வருஷமா ஒங்கள கொட்டாத தேனியா என்னைக் கொட்டப் போவுது?" என்றாள்.

இரண்டு நாள் நிதானமாக யோசித்தேன். அவள் அந்தச் சுவரைப் பார்த்தால் புத்தகம் போய்விடும். கைதட்டியவர்கள் சிரிப்பார்கள். அறுபது வயதில் அவளுக்கு அந்த அவமானம் தேவையில்லை. தெரியாமலே இருந்துவிட்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் நான் சொன்னது அதுதான்: தன் வேலையை நம்பிக்கொண்டே போனாள், நிம்மதியாகப் போனாள். நீயும் அழுதுகொண்டே தலையாட்டினாய்.

ஆனால் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். மேலே எழுதியதை மறுபடி படிக்கும்போது அதில் ஒரு பிழை தெரிகிறது. அன்றைக்கு மண்டபத்தில் அவள் ஏணியின் உச்சிக்குப் போய்விட்டிருந்தாள். நான் அதுவரை ஏணியைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன். அவள் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். அங்கே பொட்டுப் பொட்டாக, எட்டணாக் காசு அளவில் புதுத் தேமல்கள் இருந்தன.

"என்னாங்க, இது புதுசு. ஏழெட்டு வருஷந்தான் இருக்கும்."

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளையைப் பார்ப்பாளே, அப்படி.

"சரி விடுங்க. எனக்கு நோவுமேன்னு பண்ணியிருக்கீங்க. அந்தப் பாகத்தை எடுத்துட்டு மொதல்லருந்து எழுதிக்கலாம். இனிமே நானே அளந்துக்கறேன். நீங்க ஏணிய மட்டும் புடிச்சிக்கினு இருங்க, அது போதும்."

நான் ஏணியின் இரண்டு கால்களையும் ஒரு முழம் என் பக்கமாக இழுத்தேன். கீழே கருங்கல் தளம்.

மண்டபத்துக்குப் போனால் அந்தக் காசுகளை அளந்துகொள். இப்போது ரூபாய்க் காசு அளவுக்கு வந்திருக்கும். அவை உண்மையானவை. என் ஏழு தாள்களையும் நீக்கிவிடு. இந்தக் கடிதத்தை யாரிடம் காட்ட வேண்டும் என்பதை உன்னிடமே விடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தின் முன்பக்கத்தில், "பதினெட்டு ஆண்டுகள் என்னோடு அளந்த என் கணவர் தனசேகரனுக்கு" என்று அவள் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். அந்த வரியை எடுத்துவிடாதே.