முப்பத்தாறு தொப்பை

பாட்டு டீச்சர்: இன்னைக்கு விழாவுக்கு ஹால்ல முன்வரிசை சோபாவையெல்லாம் வெளிய எடுக்கணும், மேடம்.

தலைமையாசிரியை: நீ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொன்னேன்ல? எது வேணா கேளு, சோபாவை மட்டும் கேக்காதேன்னு. நிர்வாகிங்க உக்கார்ற இடம்மா அது.

பாட்டு டீச்சர்: முப்பத்தாறு பிள்ளைங்க. மேடையில பத்து பேர் ஆடினாலே இடிச்சுக்குவாங்க.

தலைமையாசிரியை: யாரு ஆடச் சொன்னா? கையைக் கட்டிட்டு வரிசையா நின்னு பாடட்டும்.

பாட்டு டீச்சர்: காலைல நிக்க வச்சுப் பாத்தேன். கையைக் கட்டச் சொன்னேன்... வாயும் சேர்ந்து கட்டிக்கிச்சு.

தலைமையாசிரியை: மூணு மாசமா என்னதான் சொல்லிக்குடுத்தே?

பாட்டு டீச்சர்: பாட்டைத்தான். கையிலயும் கால்லயும். அது சிரிப்பு ஓபரா, பாட்டாவே நடக்குற நாடகம், தெரியாத பாஷை வேற. ஓடுற ஓட்டத்துல ஒரு சொல்லும் நாக்குல நிக்காது. அதான் சொல்லுக்கு ஒரு அசைவு வச்சேன். ராஜாவுக்கு வச்ச விருந்தை மொத்தமாத் தின்னுட்டு, 'தொடவே இல்ல'ன்னு ஒரு சமையல்காரன் சத்தியம் பண்றான்...

தலைமையாசிரியை: கை இல்லைங்குது, தொப்பை ஆமாங்குது!

பாட்டு டீச்சர்: ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

தலைமையாசிரியை: பேசிக்கிட்டாங்க. பாதிப் பிள்ளைங்களுக்கு ஒட்டின வயிறு... ஆனா முப்பத்தாறு தொப்பை ஒரே நொடியில முன்னாடி வருதே... அடேயப்பா! உடம்பே சிலிர்த்துப்போச்சு... ன்னு சொன்னாங்க.

பாட்டு டீச்சர்: யாரு?

தலைமையாசிரியை: யாரோ. பேச்சை மாத்தாதே.

பாட்டு டீச்சர்: எனக்கே பிடிபடல, மேடம். திக்குற பொண்ணு ஒருத்தி... தன் பேரைச் சொல்லவே மூச்சு முட்டும். கையை வீசினான்னா பாட்டு மடை திறந்து கொட்டுது. நான் சொல்லிக்குடுத்ததுதானா இதுன்னு வாயைப் பொளந்துட்டு நிக்குறேன்.

தலைமையாசிரியை: இரும்மா... அடுத்த வாரம் உன் வேலை நிரந்தரமாகுது. கையெழுத்துப் போடப்போறவங்க அந்த சோபாவுல உக்கார்றவங்கதான். கெடுத்துக்காதே.

பாட்டு டீச்சர்: எங்க வீட்ல காலேஜ் படியேறின முதல் ஆள் நான். பதினஞ்சு வருஷம் கையைக் கட்டியே படிச்சேன். ஒரு பாட்டு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க... ஒண்ணும் கிடையாது.

தலைமையாசிரியை: முடிவா என்னதான் சொல்றே?

பாட்டு டீச்சர்: சொல்ல என்ன இருக்கு? பிள்ளைங்க முற்றத்துல தயாரா நிக்குறாங்க. பெத்தவங்களும் அங்கதான். வெயில்லயே ஆடுறோம். வர்றேன் மேடம்.

தலைமையாசிரியை: ஏய், நில்லு! வேலை...

பாட்டு டீச்சர்: போனாப் போகட்டும்.

தலைமையாசிரியை: சரி... அந்தக் கடைசி அடியையாவது திருத்திடு. ரெண்டாவது வரிசை மொத்தமும் இடது காலை எடுத்து வைக்குது. வலதுதானே?

பாட்டு டீச்சர்: நான் வலதுதான் சொல்லிக்குடுத்தேன். தினமும் வராந்தா கதவோரம் நின்னு நீங்கதான் இடது காலை வச்சு ஆடுனீங்க. அவங்க என்னை விட்டுட்டு உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டாங்க.