மாட்டுக்குப் போன மருந்து

வெடிச்சத்தம். மாடு மிரள்கிறது. வண்டி ஒருபக்கம் சாய்கிறது.

"வழி விடுங்க! பிள்ளை பெத்தவ சாகறா!"

கத்துவது என் கணவர். யாரும் நகரவில்லை. எழுபதுகளில் ஒரு கார்த்திகை தீபம். மலையுச்சியில் தீபம் ஏறிவிட்டது. திருவண்ணாமலையே அரோகரா என்று அதிர்கிறது. நான் வைக்கோல்மேல் கிடக்கிறேன். குளிரில் பற்கள் அடிக்கின்றன. அடிவயிறு பிளக்கிறது. என்னிடமிருந்து வரும் நாற்றம் எனக்கே குமட்டுகிறது.

முதல் பிரசவம். வீட்டிலேயே நடந்தது. சில நாளில் ஜுரம். கர்ப்பப்பையில் சீழ் என்றார் டாக்டரம்மா. கேப்சூல் கொடுத்தார். ஜுரம் விட்டாலும் நிறுத்தக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். ஜுரம் விட்டது. அன்றே மருந்தும் நின்றது.

நிறுத்தியவள் என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி. தாயில்லாத எனக்குப் பத்தியம் பார்க்க வந்தவள். ஜாஸ்தி சூடு, பால் வற்றிவிடும் என்றாள். ஜுரம் திரும்பியதும் மிச்சத்தைக் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றாள்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் மாட்டின் கழுத்து தெரிகிறது. நுகத்தடிப் புண். அதன்மேல் மஞ்சள் தூள். என்ன அது என்று கணவரைக் கேட்கிறேன்.

"வீணாப் போவுதேன்னு அக்காதான் உன் மாத்திரைய பிரிச்சுத் தூவுச்சு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். பென்சிலினோடு வேறொன்றும். உயிர் தங்கியது. கர்ப்பப்பையை அறுத்து எடுத்துவிட்டார்கள். மாட்டுக்குப் புண் ஆறியது.

எண்பதுகளில் அண்ணியின் மகளுக்குப் பிரசவம். அதே ஜுரம். அதே நாற்றம். கேள்விப்பட்டதும் போனேன். டாக்டரிடம் இழுத்துப்போனேன். இரக்கத்தால் இல்லை. அந்த மருந்தை அண்ணியின் கண்ணெதிரே கடைசிவரை கொடுக்க வேண்டும். பழிதீர்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வேளை தவறாமல் கொடுத்தேன். அந்தப் பெண்ணை வாய் திறந்து காட்டச் சொன்னேன். மருந்துப் பக்கம் அண்ணியை அண்டவிடவில்லை. அவள் அழுதாள்.

"தெரியாம பண்ணிட்டேன் சரசு."

"கடைசி மாத்திரை உள்ள போவட்டும் அண்ணி. அப்புறம் பேசலாம்."

கடைசி மாத்திரையும் போனது. பெண் பிழைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. என் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

போனவற்றை எழுதிவைக்கிறேன். கர்ப்பப்பை ஒன்று. என் மகன் குடிக்காமல் கட்டிப்போன தாய்ப்பால். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இதே ஜுரத்தோடு கிடந்து, கைக்குழந்தையை விட்டுப் போய்ச்சேர்ந்த செங்கத்துக்காரி. அடுத்தது பெண்ணாகப் பிறக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.