பதிந்து வைத்த முகம்

நல்ல கமரா வாங்குகிற ஆட்கள் பெரும்பாலும் அதனோடு வரும் விளக்கப் புத்தகத்தைப் படிப்பதில்லை, சேர். நான் மூன்று தரம் படித்தேன். உப்புக்குளத்தில் பதினான்கு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படிக்காமல் எடுக்கிறவர்களின் படங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நீங்கள் முதலில் கமராவைப் பற்றித்தானே கேட்டீர்கள். அது ஃபுல் ஃபிரேம். உள்ளே இருக்கும் சென்சர் பழைய பிலிம் அளவுக்குப் பெரியது. கோயிலுக்குள் மெழுகுதிரி வெளிச்சமே போதும், பிளாஷ் தேவையில்லை. சத்தம் போடாமல் செக்கனுக்கு இருபது படம் எடுக்கும். இரண்டு மெமரி காட் போடலாம். ஒன்று பழுதானாலும் மற்றதில் எல்லாம் இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. ஒரு முகத்தை அதில் பதிந்து வைத்தால், எத்தனை பேர் நின்றாலும் அந்த முகத்தைத் தேடிப் பிடித்து அதன் கண்ணைத் தெளிவாக்கும். கலியாணங்களில் மணப்பொம்பிளையின் முகத்தைப் பதிவது வழக்கம்.

நான் டினோஜாவின் முகத்தைப் பதிந்தேன். தலைமன்னாரில் படிப்பிக்கிற ரீச்சர். போன வருடம் பாஸ்போட் படம் எடுக்க வந்தாள். "நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ" என்றேன். தூக்கினாள். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் அவளைத் தேடவே இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். திருவிழா, முதல் நன்மைப் பூசை, செத்தவீடு, எங்கே போனாலும் அவளைத் தேடியது கமராதான்.

யசிந்தாவின் கலியாணத்தில் ஒரு சின்னப் பிழை நடந்தது. அவளுடைய முகத்தைப் பதிய மறந்துவிட்டேன். கலியாணப் பட அல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

"என்னண்ணை இது? எல்லாப் படத்திலயும் நான் மங்கலா நிக்கிறன். பின்னால மூண்டாவது கோயில் வாங்கில இருக்கிற டினோஜா மட்டும் எப்பிடித் தெளிவா இருக்கிறா?"

"லென்சில பிழை, தங்கச்சி."

நம்பவில்லை. என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனாள். பொலிசில் உங்களிடம் முறைப்பாடு சொல்ல வந்தவளும் அவளாகத்தான் இருக்கும். சந்தேகக்காரி. அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு டினோஜாவுக்கும் றொட்னிக்கும் கலியாணம் பேசி, மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்தல் வாசித்தார்கள். தடை ஏதும் இருந்தால் சொல்லும்படி பாதர் கேட்டார். மூன்று தரமும் நான் அங்கே நின்றேன். அவள் மறுத்துச் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை இருவரும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். கலியாணத்துக்கு முதல் வெளியில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம், இப்போது எல்லோரும் கேட்பதுதான். மன்னாரில் இத்தனை போட்டோக்காரர் இருக்க, அவள் ஏன் என்னிடம் வந்தாள்? நீங்களே யோசியுங்கள், சேர்.

பெருக்குமரத்தடியில் எடுப்போம் என்றான் றொட்னி. பழைய இறங்குதுறை என்று சொன்னது நான். கடற்படையிடம் அனுமதி எடுத்ததும் நான். முதல்நாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் பலகை இல்லை. கீழே உடைந்த தூண்களும் துருப்பிடித்த கம்பிகளும் நின்றன. வெளிச்சம் பார்க்கத்தான் போனேன்.

கமராக்காரன் சொன்னால் எங்கள் ஆட்கள் மறுகேள்வி கேட்பதில்லை. ஒருமுறை பாதரையே இரண்டாம் தரம் மோதிரத்தை ஆசீர்வதிக்க வைத்திருக்கிறேன். பின்னுக்குப் போகச் சொன்னால் போவார்கள்; லென்சைப் பார்ப்பார்களே தவிர, திரும்பிப் பார்க்க மாட்டார்கள். றொட்னி வள்ளத்தில் வளர்ந்தவன், கால் தவறாதவன். ஆனாலும் அன்றைக்குக் கோட்டும் சப்பாத்தும் போட்டு, சொன்னபடி நின்றான். டினோஜாவை அவனுக்கு முன்னால் நிறுத்தி, பக்கவாட்டில் கடலைப் பார்க்கச் சொன்னேன்.

"காணுமோ அண்ணை?"

"இன்னும் ஒரு அடி, தம்பி. என்னையே பாருங்கோ. சிரியுங்கோ."

சிரித்தான்.

நான் அவனைத் தொடவில்லை. எங்களுக்கு நடுவில் பத்து யார் தூரம் இருந்தது. ஆனால் பலகை எங்கே இல்லை என்று எனக்குத் தெரியும்; தெரிந்துதான் அந்த ஒரு அடியைக் கேட்டேன். ஓம், கொன்றது நான்தான். அவன் விழும்போது நான் ஏன் கத்தவில்லை என்று கேட்டீர்கள். விரல் பொத்தானில் இருந்தது. ஐந்து செக்கன், நூறு படம். ஒன்றிலும் றொட்னி தெளிவாக இல்லை.

முதல் மெமரி காட்டில் அந்த நூறையும் அழித்துவிட்டுத்தான் உங்களிடம் தந்தேன். மற்றதை நேற்று என் சட்டைப் பையிலிருந்து எடுத்தீர்கள். அதையும் அழித்திருந்தால் இங்கே இருந்திருக்க மாட்டேன். மனம் வரவில்லை. அவளை நாலாயிரம் படம் எடுத்திருக்கிறேன். பாஸ்போட் படத்திலும் கமராவைத்தான் பார்த்தாள், என்னைப் பார்த்ததில்லை. அந்த நூறில் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திரும்பி, நேராக என்னைப் பார்க்கிறாள். கண் விரிந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. என் பெயரைத்தான் சொல்ல வருகிறாள், சேர்.