போட்டோ போனா போதும்

அந்த நெட் பேக் வேணாம் அண்ணாச்சி, அத நான் வாசல்ல நிக்கும்போதே படிச்சிட்டேன். மேல அன்லிமிட்டட்னு இம்மாம் பெருசா போட்டுட்டு, கீழ எறும்பு மாதிரி எழுத்துல, இவ்வளவு தாண்டுனா ஸ்பீடு கொறஞ்சிரும்னு போட்டிருக்கான். எனக்கு கொறையக் கூடாது. எந்நேரமும் ஓடணும்.

எங்கம்மா ஃபாரின் போறா. ஸ்விட்சர்லாந்து, அப்புறம் பாரிஸு. பன்னெண்டு நாளு. நாளைக்கு ராத்திரி ஃப்ளைட்டு. டூர்தான், வேற என்னத்துக்கு போவாங்க? ஏன் அப்பிடி பாக்கிய, தாராவிக்காரின்னா ஜுஹு பீச்சோட திரும்பிரணுமா?

கோவம்லாம் இல்ல. என் கொரலே அப்பிடித்தான். வீட்டுலயும் இதத்தான் சொல்லுவாங்க.

எனக்கு வேணுங்கது ரொம்ப சிம்பிள். அங்கருந்து போட்டோ வரணும். இங்கருந்து என் வாய்ஸ் போகணும். வாட்சாப்புல. அவ்வளவுதான். படம் பாக்க மாட்டா, ரீல்ஸ் பாக்க மாட்டா, வீடியோ கால் வேணாம். ஆனா ரோட்டுல நின்னாலும், மலை அடியில நின்னாலும், ட்ரெயின்ல போனாலும் போட்டோ போகணும். அதுவும் கம்மி ரேட்டுல. ரெண்டும் சேந்து கெடைக்காதுன்னு நீங்களும் சொல்லாதிய, இதோட மூணு கடைக்காரன் சொல்லியாச்சு.

ஹோட்டல்ல வைஃபை இருக்கும், தெரியும். எல்லாரும் அதத்தான் சொல்லுதிய. ஹோட்டல்ல ராத்திரி படுக்கதான போவா? பகல் முழுக்க வெளியில கெடப்பா. வைஃபை கூடவே நடந்து வருமா?

கால் பண்ணிக்கலாமா? கால்ல போட்டோ போகுமா அண்ணாச்சி? எனக்கு போட்டோ முக்கியம்.

ஆமா, நல்லா ஃபோட்டோ புடிப்பா. அதுக்கென்ன இப்போ.

அரே பாய், தோ மினிட் ருக்கோ நா, மே பெஹலே ஆயி. நான்தான மொதல்ல வந்தேன், இவன் வாங்குத ஸ்க்ரீன் கார்டு ஓடியா போயிரும்? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. இந்த யூரோப் பேக்கா? காட்டுங்க. ம். இதுல ஃப்ரான்ஸ் இருக்கு. ஜெர்மனி இருக்கு. இத்தாலி. ஸ்விட்சர்லாந்து எங்க? இந்தா, லிஸ்ட்ட நீங்களே பாருங்க. இல்லல்ல? யூரோப்னு பேரு வச்சிட்டு அத மட்டும் விட்டிருக்கான். இத வாங்கிட்டு போயிருந்தா மொத ஏழு நாளும் நெட் இல்லாத போன செங்கல்லு மாதிரி கையில வச்சிட்டு நிப்பா.

நல்லா படிக்கேன்தான். ஸ்கூலா? பத்தாவது பாதியில விட்டாச்சு. ஏறல. ஏறலன்னா ஏறல, அதுல கேக்க என்ன இருக்கு? நான் பேக் வாங்க வந்தேன் அண்ணாச்சி, அட்வைஸ் சர்ச்சுலயே ஃப்ரீயா கெடைக்கும்.

சரி, விடுங்க. அடுத்தது சொல்லுங்க.

ஈ-சிம்மு இதுல ஓடாது. இதான் அவ போனு. மூலையில ஒடஞ்சிருக்குதான், ஆனா கேமரா பக்கா. செட்டிங்ல போயி தேடிட்டேன், அந்த ஆப்ஷனே இல்ல. புதுப் போனு வாங்குத அளவுக்கு இருந்தா நான் ஏன் உங்ககிட்ட கம்மி ரேட்டுன்னு கெஞ்சிட்டு நிக்கேன்?

அங்க போயி ஏர்போர்ட்ல லோக்கல் சிம்மா? அதையும் யோசிச்சேன். பாஸ்போர்ட்ட காட்டணும்ல. அது அவ கையில இருக்காதே.

அது வந்து, வேறொருத்தர் வச்சிருப்பாங்க. கூட வாரவங்க. டூர்ல எல்லாம் அப்பிடித்தான், மொத்தமா ஒருத்தர்கிட்ட இருக்கும்.

மேடம்கிட்ட.

ஆமா, மேடம்னுதான் சொன்னேன். காதுல விழுந்திருச்சுல்ல, திருப்பித் திருப்பிக் கேக்காதிய. சரி, டூர் இல்ல. செம்பூர்ல ஒரு பெரிய பில்டிங்குல எங்கம்மா புள்ள பாக்கா. அவங்க டூர் போறாங்க, புள்ளைய வச்சிக்க இவளையும் கூட்டிட்டுப் போறாங்க. அவங்க பனி பாக்க மேல போவாங்க, இவ கீழ வண்டியில புள்ளைய வச்சித் தள்ளிட்டு நிப்பா. போதுமா?

தப்பான வேலைன்னு நானும் சொல்லல. வெக்கமா இருக்குன்னுதான் சொல்லுதேன். டூர்னு சொன்னது அவ இல்ல, நான்தான். எங்க சந்துல, தண்ணி புடிக்க எடத்துல, உங்கம்மா செல்வமேரிக்கு லாட்டரி அடிச்சிருச்சாக்கும்னு ஒருத்தி நக்கலா கேட்டா. எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. ஆமா, கம்பெனில டூர் குடுத்திருக்காங்கன்னு அடிச்சி விட்டேன். அதோட நின்னிருந்தா பரவால்ல. ஞாயித்துக்கிழம சர்ச்சுல பாஸ்டரு, நம்ம சகோதரி செல்வமேரியின் சுற்றுலாப் பயணத்தை ஆசீர்வதியும்னு மைக்குலயே ஜெபம் பண்ணிட்டாரு. நான் தலையக் குனிஞ்சிட்டு ஆமென் சொன்னேன். அம்மா சொல்லல. என்னயத் திரும்பி ஒரு பார்வ பாத்தா. அவ்வளவுதான்.

அதான் இவ்வளவு தூரம் மாட்டுங்காவுக்கு வந்தேன். எங்க சந்துலயே கடை இருக்கு, என் ஃப்ரெண்டு சஃப்ரீனோட அண்ணன் கடை. அவன்கிட்ட போனா, நீங்க கேட்டத எல்லாம் அவனும் கேப்பான், சாயங்காலம் வீட்டுல போயி சொல்லுவான். பூலோகம் மொபைல்ஸ்னு உங்க போர்டப் பாத்தேன், நம்ம ஊருக்காரரா இருக்கும், திட்டுனாலும் தமிழ்ல திட்டுவாருன்னு வந்தேன்.

மேடம் ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுப்பாங்கதான், கேட்டா. மேடம் போனு மேடம் கூடவே மலை மேல போயிருமே அண்ணாச்சி. இவ கீழல்லா நிப்பா.

இதா? ரெண்டு நாடும் இருக்கா? ஸ்விட்சர்லாந்து இருக்கு. ஃப்ரான்ஸு இருக்கு. துபாய் இல்ல. துபாய்ல ஃப்ளைட் மாறுவாங்க, அங்க சும்மா உக்காந்திருப்பா, பரவால்ல. ஏரோப்ளேன் படத்த அமுக்குனது அமுக்குனபடியே இருக்கச் சொல்லுதேன், அந்தப் படம் அவளுக்குத் தெரியும். இதுலயே பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணுன்னு இருக்கு. பெருசு எனக்கு ஆகாது. சின்னதுல ஒரு நாளைக்கு இவ்வளவுண்டுதான் நெட்டா? பத்துமா?

இருங்க, மொதல்ல இத சொல்லுங்க. எறங்குன ஒடனே ஒரு மெசேஜ் வரும், அதப் பாத்து ஓகே குடுக்கணும்னு அந்த இன்னொரு கடையில சொன்னான். அப்பிடி ஒண்ணும் வராத பேக்கா குடுங்க. இங்கருந்தே நீங்க போட்டு விட்டா, அங்க போனதும் அதுவா ஓடணும். ஓடுமா? பக்காவா?

அப்போ அந்த டேட்டா ரோமிங் பட்டன் மட்டும்தான் அவ அமுக்கணும். அது எங்க இருக்கு? பேரு சொல்லாதிய, பேரு எனக்குத் தெரியும். எடத்த சொல்லுங்க. செட்டிங்குக்கு பல்லுச் சக்கரம் படம், சரி. அதுக்குள்ள மேலருந்து எத்தனாவது வரி? ரெண்டாவது. அதுக்குள்ள போனா? கீழருந்து மூணாவது. பக்கத்துல படம் எதும் இருக்கா? இல்லியா. அப்போ ஆன் ஆனா கலர் மாறுமா? நீலம். சரி, நீலம் வந்தா சரி, சாம்பலா இருந்தா தப்பு. அப்பிடிச் சொன்னா புடிச்சிக்குவா.

தமிழுக்கு மாத்தித் தாரியளா? வேணாம். வேணாம் அண்ணாச்சி, தமிழும் வேணாம். எப்பிடி இருக்கோ அப்பிடியே கெடக்கட்டும். பழகுன எடம் மாறிரப் போகுது.

மாறாதுன்னாலும் வேணாம். சொல்லுதேன்ல.

அவ வாட்சாப்ப என்னத்துக்கு தொறக்கிய? நெட்டு எவ்வளவு ஆகுதுன்னு பாக்கதுக்கா? பாக்கதா இருந்தா அத மட்டும் பாருங்க. அது எனக்கு அனுப்புன போட்டோ. மருந்து பாட்டில்தான். அது பிஸ்கட் பாக்கெட்டு. அது லிஃப்ட்ல ஒட்டியிருந்த நோட்டீஸு. அது மேடம் ஃபிரிட்ஜ் மேல எழுதி வச்சிட்டு போனது. அது காலெண்டரு. அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் என் வாய்ஸு. ப்ளே பண்ணாதிய.

தப்பா ஒண்ணும் இல்ல.

அவளுக்குப் படிக்கத் தெரியாது அண்ணாச்சி. இங்கிலீஷ் மட்டும் இல்ல, எதுவுமே. தமிழும்தான்.

எழுத்து எங்க வருதோ அங்க ஒரு போட்டோ எடுத்து எனக்குத் தட்டி விடுவா. நான் படிச்சி வாய்ஸ்ல சொல்லுவேன். ப்ளூடூத்த காதுல மாட்டியிருப்பா, மேடம் வீட்டுல பாட்டு கேக்கான்னு நெனச்சிக்குவாங்க. ரெண்டு வருஷமா அப்பிடித்தான் ஓடுது. வேலைக்குச் சேரும்போது எட்டாவது பாஸ்னு மேடம்கிட்ட யாரோ சொல்லி விட்டுட்டாங்க. இவ இல்லன்னு சொல்லல. அப்புறம் சொல்லுத எடமே வரல.

அந்தப் பாப்பாவுக்கு நெலக்கடல ஆகாது. துளி உள்ள போனாலும் ஒதடு வீங்கி மூச்சு இழுக்கும். செம்பூர்ல எந்த பாக்கெட்டு குடுக்கலாம், எது கூடாதுன்னு கலர வச்சே அவளுக்கு அத்துப்படி. அங்க எல்லாம் புது பாக்கெட்டு, புது எழுத்து. ஃப்ரெஞ்சு, ஜெர்மன் எனக்கு மட்டும் என்ன தெரியும்? என் போன்ல காட்டுனா இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்கும், அதப் பாத்து சொல்லுவேன். என் பதில் வராம அவ ஒரு பருக்க குடுக்க மாட்டா. அதுல அவ கல்லு. புள்ள பசிச்சி அழுதாலும் குடுக்க மாட்டா. அப்போ மேடம் வந்து கேப்பாங்க, கடை முன்னால நின்னுட்டு ஏன் பட்டினி போட்டன்னு. இவ என்ன சொல்லுவா? நெட்டு இல்லன்னா?

மேடம்கிட்ட உள்ளத சொல்லிரச் சொல்லி நானும் சண்ட போட்டேன். மூணு நாளா அதான் சண்ட. வேல போயிரும்னு கூட அவ பயப்படல. ரெண்டு வருஷமா தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு இருந்திருக்கேன், இப்போ எந்த மூஞ்சிய வச்சிட்டு சொல்லன்னு கேக்கா. நான் மட்டும் ஒழுங்கா? டூர்னு புளுகுனவ. இப்பக் கூட அவள கடைக்குள்ள கூப்பிடாம வெளியில நிக்க வச்சது நான்தான். நீங்க எதையாச்சும் அவ கையில குடுத்து படிங்கம்மான்னு சொல்லிட்டா என்ன பண்ணுததுன்னு.

அந்தா, பஸ் ஸ்டாப்புல. பச்ச சேலை. போர்டப் பாத்துட்டு நிக்கால்ல, படிக்க மாதிரியே இருக்கா பாருங்க. அது நல்லா வரும் அவளுக்கு.

இப்போ எப்பிடி சின்ன பேக்கே போதும்னு சொல்லுதிய? ஓ. போட்டோவும் வாய்ஸும்னா அவ்வளவுதான் இழுக்குமா. மத்தவங்க அனுப்புத வீடியோ தானா எறங்காம பந்த் பண்ணிரலாமா? அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?

சரிதான். நான்தான் மொதல்லயே சொல்லல.

போட்டுருங்க. சின்னதே போடுங்க. அந்த ஆட்டோ அப்டேட்டு, குரூப்புல வர குட் மார்னிங்கு, எல்லாத்தையும் அமத்துங்க. சர்ச் குரூப்பு மட்டும் ஒரு நாளைக்கு நூறு பூ அனுப்பும்.

கூப்பிடுதேன் இருங்க. வந்ததும் அந்த பட்டன் எடத்த அவளுக்குக் காட்டுங்க. ரெண்டு தடவ காட்டுனா போதும், சட்டுனு புடிச்சிக்குவா. நான் சொன்னது தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதிய.

எது? ஸ்கூலா? ஏறலன்னது முழுப் பொய்னு சொல்ல முடியாது, கணக்குல நான் எப்பவுமே பார்டர்தான். ஆனா கிளாஸ்ல போன் வச்சிக்க விட மாட்டாங்கல்ல அண்ணாச்சி. பாப்பாவுக்கு மருந்து பகல்லதான், அந்நேரம் நான் படிச்சி சொல்லணும்ல. அத அவகிட்ட சொல்லிராதிய, எனக்கு படிப்பு ஏறலன்னுதான் இன்னிவரைக்கும் நெனச்சிட்டு இருக்கா.

எம்மா, இங்க வா. ஒண்ணும் இல்ல. நம்ம ஊருக்காரருதான், உள்ள வா.