முறைக்கு ஒரு கை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வருகிற மாதிரி இல்லை. இது என் சிநேகிதனின் மைத்துனருக்கு நடந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அளந்து பேசுகிற மனுஷர், கதை கட்டத் தெரியாது. மருந்துக்கடைக்காரரே, நீங்கள் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னால் அத்தோடு நிறுத்திவிடுவேன்.

மணி பதினொன்று இருக்கும். ஆள் அரவமில்லாத ரோடு. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். வெல்டர் பைக்கில் போகிறார். முதுகோடு சேர்த்துப் புடவையால் கட்டியிருப்பது அவருடைய தங்கையை. தரையில் பாய் போட்டுத் தூங்கியவளைப் பாம்பு கடித்துவிட்டது. வலியே இல்லையாம். "கண்ணு தொறக்க முடியலண்ணா" என்றுதான் முதலில் சொன்னாளாம். அப்புறம் பேச்சு மூக்கால் வந்தது. அப்புறம் பேச்சே இல்லை. பிடரியில் அவள் மூச்சு படுகிறதா... படுகிறதா... அது ஒன்றைத்தான் கவனித்துக்கொண்டே ஓட்டினார்.

வழியில் ஒரு சுகாதார நிலையம் உண்டு. புதுக் கட்டடம், பளபளவென்று போர்டு, கதவில் பூட்டு. பாம்புக்கு ஆபீஸ் நேரம் தெரியவில்லை, என்ன செய்வது? கதவை ஓர் உதை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ராத்திரிக்கு மொத்தமே ஒரு டாக்டர். நல்ல மனுஷன், ஓடி வந்தார். விஷமுறிவு மருந்து இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஊசி ஏற்றினார், தொண்டைக்குள் குழாய் விட்டார். மூச்சு கொடுக்கிற மெஷினும் இருந்தது... மூலையில், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். அதில் மாட்டுகிற டியூப் இன்னும் வரவில்லையாம். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை. ஆகவே நர்ஸம்மா அந்தக் குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, வெல்டரின் கையில் கொடுத்தார். அங்கே அதைப் பலூன் என்றுதான் சொல்வார்கள்.

"இத அழுத்தினாத்தான் அவங்களுக்கு மூச்சு. விஷம் இறங்குற வரைக்கும் நெஞ்சு தானா வேலை செய்யாது. கை வலிச்சா மாத்திக்கோங்க, நிறுத்திடாதீங்க."

டாக்டர் பிரசவ வார்டுக்கு ஓடினார். நர்ஸுக்கு மேல்மாடியும் சேர்த்துப் பொறுப்பு. அவரும் போய்விட்டார்.

புஸ்ஸ்... க்ளக். புஸ்ஸ்... க்ளக்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துக் கட்டில் ஆளுக்குக் கை ஓய்ந்தால் நாம் போய் அழுத்துவோம், நமக்கு ஓய்ந்தால் அவர் வருவார். யார், என்ன, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. எழுந்து இடம் விடும்போது, "உங்க முறைக்குக் கூப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மெஷின் செய்யாததை ஜனங்கள் இப்படித்தான் செய்து ஓட்டினார்கள். வெல்டரும் பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ஒரு முறை அழுத்தினார். பெரியவரின் மகன் இவருக்கு ஒரு முறை அழுத்தினான். அப்புறம் பெரியவர் போய்விட்டார். உடலை எடுத்துக்கொண்டு மகனும் போனான். மிச்சமிருந்த கட்டில்கள் எல்லாம் காலி.

பகல் முழுக்கப் பட்டறையில் கம்பி வளைத்த கை அது. வலது கை மரத்தது. இடதுக்கு மாற்றினார். கன்னத்தில் அறைந்துகொண்டார். உதட்டைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது. நர்ஸைக் கூப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் தங்கை இருக்க மாட்டாள். கத்திப் பார்த்தார், மாடிக்குக் கேட்கவில்லை. தூக்கம் இருக்கிறதே, அது எமனை விடப் பொல்லாதது. பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்துகிறது...

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"தள்ளுப்பா. நீ கொஞ்சம் கண்ண மூடு. நான் அழுத்துறேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. ஒரு கை வந்து அவர் கைமேல் படிந்தது. ஜில்லென்று, ஈரமாக. ஃபினாயில் நெடியையும் மீறிப் புளித்த தாய்ப்பால் வாடை. பலூனை விட்டார். தாளம் தப்பவில்லை. புஸ்ஸ்... க்ளக். அப்படியே சுவரில் சாய்ந்தார். வாய் மட்டும் பழக்கத்தில் சொல்லியது.

"உங்க முறைக்கு என்னைக் கூப்பிடுங்கம்மா."

கண் விழித்தபோது பொழுது விடிந்திருந்தது. பதறி எழுந்தார். தங்கையின் நெஞ்சு தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நர்ஸ், பலூனைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றார். ராத்திரி யார் அழுத்தியது என்று கேட்டார். யாரோ ஓர் அம்மா, முகத்தைப் பார்க்கவில்லை என்றார் வெல்டர். பால் வாடையையும் சொன்னார். நர்ஸ் பலூனைக் கீழே வைத்தார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னதாக அவர் சொன்னார்.

"அத மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் நர்ஸ். பிறகு, பழைய விஷயம் என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய். அன்றைக்கும் வார்டில் வேறு ஆளில்லை. விடிய விடிய அழுத்தியவள், விடிகிற நேரத்தில் கண்ணசந்துவிட்டாள். குழந்தை போய்விட்டது. அவளும் அதற்குப் பின் ரொம்ப நாள் இருக்கவில்லை.

குழாயை எடுத்து, பேச்சு வந்ததும் தங்கை ஒன்று சொன்னாள். விஷம் கண்ணையும் கையையும்தான் கட்டிப்போட்டதாம், காதை அல்ல. எல்லாம் கேட்டதாம். "ராத்திரி பூரா அந்தம்மா தனக்குத்தானே சொல்லிட்டே இருந்தாங்கண்ணா. தூங்கிடாத, தூங்கிடாதன்னு."

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை பிழைத்தாள், இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். கஷ்டமெல்லாம் வெல்டரின் மனைவிக்குத்தான்.

வீடு திரும்பிய அன்றிலிருந்து தூக்கத்தில் அவர் வலது கை மூடி மூடித் திறக்கிறது. விடியும் வரை, ஒரே சீராக. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டறையை விட்டுவிட்டு மாடு கறக்கப் போகலாமே என்று மனைவிகூடக் கேலி செய்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பழக்கம், போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் பட்டறையில் அதிக வேலை. செத்த பிணம் மாதிரித் தூங்கினார். நடுராத்திரியில் மனைவிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அந்தக் கை அசையாமல் கிடந்தது. அப்பாடா, பழக்கம் விட்டுவிட்டது என்று அவள் புரண்டு படுத்தாள்.

கால்மாட்டில்... இருட்டில்... ஒரு கைக்குழந்தை மூச்சுக்குத் திணறியது.

அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அவள் எழுந்து விளக்குப் போட்டாள். ஒன்றுமில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை... இழுக்கிறது, இழுக்கிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. என்ன நினைத்தாளோ, புருஷனின் விரல்களைப் பிடித்து மூடினாள், திறந்தாள். மூடினாள், திறந்தாள். திணறல் மெல்ல அடங்கியது.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை.