புதிய கார்டு வரும்வரை

கிரெடிட் கார்டுக்கு நான் இதுவரை ஒரு சென்ட் வட்டி கட்டியதில்லை, மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த டுலூத் ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். ரெய்னோ லாஹ்தி ஊதாரி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

விமானக் கம்பெனி கார்டுகளில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புதிதாக வாங்குகிறவர், முதல் சில மாதங்களுக்குள் அவர்கள் சொல்கிற தொகையைச் செலவழித்துவிட்டால், இலவச விமானப் பயணத்துக்கான மைல்களைப் போனஸாக மொத்தமாகக் கொட்டுவார்கள். வாங்கிக்கொண்டு அடுத்த கார்டுக்குப் போக வேண்டியதுதான். சிக்கல் அந்தச் செலவில்தான். என்னைப் போன்ற ஒண்டிக்கட்டை ரொட்டியும் முட்டையும் வாங்கி ஆறாயிரம் டாலரை எப்படி எட்டுவது? தேவையில்லாததை வாங்குவது முட்டாள்தனம். அதனால் பெரிய செலவு எது வந்தாலும் கார்டு வரும்வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும். பல் டாக்டரைக் காக்க வைத்திருக்கிறேன். தேய்ந்த டயரோடு ஒரு குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

எல்லாம் என் அண்ணன் டொய்வோவுக்காக. துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றியே முதுகு போனவர். நிமிர்ந்து உட்கார்ந்து நீண்ட பயணம் போக அவரால் ஆகாது. ஹெல்சிங்கி வரை படுத்துக்கொண்டே போகிற இருக்கையில் கூட்டிப்போய், அம்மா பிறந்த ஊரை அவருக்குக் காட்ட வேண்டும். ஆனால் அவருக்கு என் சேமிப்பைக் கண்டால் கிண்டல்.

"பத்து வருஷமா மைல் சேக்குறியேடா, ஏர்போர்ட் வாசலையாச்சும் மிதிச்சிருக்கியா? நீ சேத்து முடிக்கறதுக்குள்ள நான் நடந்தே போயிட்டு வந்துருவேன்."

"நல்ல ரேட்டு வரணும்ண்ணே. அவசரப்பட்டா அத்தனையும் வீணாப்போயிடும்."

ஜனவரியில் அவர் வீட்டு நிலவறையில் இருக்கிற, வீடு முழுவதையும் சூடாக்கும் பெரிய ஹீட்டர் பழுதாகிவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, விஷவாயு வீட்டுக்குள் கசியும் என்று சொல்லி, எரிவாயுவை அடைத்து, பற்றவைக்கக் கூடாது என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார். புதிய ஹீட்டரை மறுநாளே மாட்டித் தருவதாகச் சொன்னார். விலை ஏழாயிரம் டாலர்.

அண்ணன் உடனே செக் புத்தகத்தை எடுத்தார். நான் அதன்மேல் கையை வைத்தேன். அந்த மாதம்தான் ஒரு கம்பெனி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மைல் தருவதாக அறிவித்திருந்தது.

"பொறுண்ணே. புது கார்டு ஒண்ணு போட்டுக்கறேன். இந்த ஒரே செலவுல மொத்த மைலும் வந்துரும். பணத்தை அப்புறமா எனக்குக் குடு."

"அதுவரைக்கும் குளிர்ல வெறைக்கணுமாடா நானு?"

"ஒரு வாரம். உனக்காகத்தானே செய்யறேன்."

அண்ணன் எதையும் இரண்டாம் தடவை வாதாடுகிற ஆள் இல்லை. செக் புத்தகத்தை மடித்து வைத்தார். மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சின்ன மின்சார ஹீட்டர்கள் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போனது. உன் வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று அண்ணன் கேட்டார். ஆள் இல்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும், யாராவது இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, நீங்களும் இந்த ஊர்தானே.

பிறகு பனிப்புயல் பிடித்துக்கொண்டது. தபால் வண்டி வரவில்லை. பேங்குக்குப் போன் செய்தேன். கார்டு வழியில் இருக்கிறது, நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். தினமும் பனியை ஒதுக்கிக்கொண்டு போய்க் காலித் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். என்னால் வேறென்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். அண்ணன் போனில் பேசும்போது பல் தந்தியடித்தது.

"டேய், காபி கப்புல ஐஸ் கட்டுதுடா. வெளையாட்டுக்குச் சொல்லல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடப்பிறந்தவர் நடுங்குவதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? போய் நிலவறையில் இறங்கினேன். சிவப்பு அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எரிவாயுவைத் திறந்து, பழைய ஹீட்டரையே பற்றவைத்தேன். தற்காலிகமாகச் சரிசெய்திருப்பதாக அவரிடம் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு என் முதுகில் தட்டினார்.

"அட, கைகாரன்டா நீ."

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார். மாடிப்படியில் இருக்கிற விஷவாயு அலாரம் நிறுத்தாமல் கத்துகிறதாம்.

"பேட்டரி தீந்திருக்கும். கழட்டிப் போடுண்ணே."

"தலையும் சுத்துதுடா."

"இத்தனை நாள் குளிர்ல கெடந்தியே, அதான். கொஞ்சம் படு. நாளைக்குக் கார்டு வந்துரும்."

"சரிடா," என்றார். நான் சொன்னதை எப்போதுமே நம்புகிறவர்.

கார்டு சொன்னபடியே மறுநாள் காலை வந்தது. உறையைக்கூடப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன். வீடு நல்ல கதகதப்பாக இருந்தது. அண்ணன் சோபாவில் படுத்திருந்தார், கன்னமெல்லாம் சிவந்து, உடம்பு தேறிவிட்ட மாதிரி. எழுப்பினேன். எழவில்லை. கொஞ்ச நேரம் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் நிலவறைக்குப் போய்ச் சிவப்பு அட்டையைப் பழைய இடத்தில் கட்டினேன். கிழவர் பிடிவாதமாகத் தானே பற்றவைத்துக்கொண்டார் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. போனவருக்கு அதனால் என்ன நஷ்டம்?

சவப்பெட்டி, சர்ச், உறைந்த நிலத்தைத் தோண்டுவதற்கான தனிக் கூலி என்று எல்லாவற்றையும் அந்தப் புதிய கார்டில் போட்டேன். ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. மைல்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

இப்போது என் பர்ஸிலிருந்து எடுத்த பதினொரு கார்டுகளை போலீஸ் ஸ்டேஷன் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, அன்றைக்கே ஹீட்டர் பணத்தை இதில் ஏதாவது ஒன்றில் கட்டியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கட்டியிருக்கலாம்தான். எந்தக் கார்டும் அந்தத் தொகையைத் தாங்கும். ஆனால் அவையெல்லாம் போனஸ் கொடுத்து முடித்த கார்டுகள், மேடம்.