சீர்த்தட்டில் சிவப்பு எழுத்து

துரைசாமி: …பச்சை எழுத்துப் போட்டதையெல்லாம் எடுத்த எடத்துலயே வை, நாகம்மா. சிவப்புதான் வேணும்.

நாகம்மா: அண்ணே, நான் சொல்றதக் கொஞ்சம்…

துரைசாமி: நாளைக்கு உன் மக பிரியாவுக்கு வளைகாப்பு. புதுக்கோட்டையிலேருந்து பிளேன் ஏறித் தாய்மாமன் எதுக்கு வந்திருக்கேன்? சீர்த்தட்டுல குளிர்பானம் வச்சாலும் மங்கலமா இருக்கணும். குங்குமக் கலர்ல எழுத்துப் போட்டிருக்கான்னா அதுதானே ஒசத்தி?

நாகம்மா: ஐயோ, மெதுவா! தேக்கா மார்க்கெட்டே சிரிக்கும் லா. அது இந்த ஊரு அரசாங்கம் போடுற மார்க். பச்சை 'ஏ'ன்னா சீனி ரொம்பக் கம்மி. இந்தச் சிவப்பு 'டி'… சீனி எக்கச்சக்கம்.

துரைசாமி: என்னது… டப்பாவுக்கு அரசாங்கம் மார்க் போடுதா?

நாகம்மா: ஆமா. 'டி' வாங்கினா விளம்பரமே பண்ணக்கூடாது. அதுக்குப் பயந்தே நெறய கம்பெனி சீனியக் குறைச்சிருச்சு.

துரைசாமி: அடேயப்பா! ஒத்த எழுத்துக்கா? குடிக்கிறவன் நாக்குக்கு ஒரு ராஜாங்கமே காவல் நிக்குதே!

நாகம்மா: அதான் சொல்றேன், பச்சையே…

துரைசாமி: இரு, இரு. காவல் இருக்கட்டும். நம்ம குடும்பம் இனிப்பில்லாம சீர் வச்சதில்ல. சிவப்பையே எடு. சபையில பிரியாவுக்கு மொதல் டம்ளர் என் கையால.

நாகம்மா: வேணாம்ணே.

துரைசாமி: ஏன்? சம்பந்தி வீட்டுல ஏதாவது சொல்வாங்களா?

நாகம்மா: பிரியாவுக்கு… இனிப்புநீர் வந்திருக்கு.

துரைசாமி: அப்படின்னா?

நாகம்மா: சர்க்கரை வியாதிண்ணே. மாசமானப்புறம் வந்தது. நீங்க சபையில நீட்டினா வேணாம்னு சொல்லமாட்டா. மாமா மானம் போயிரும்னு குடிச்சே வச்சிருவா.

துரைசாமி: யாரும் எங்கிட்ட சொல்லலயே?

நாகம்மா: மத்தவங்களுக்கெல்லாம் தெரியும். உங்ககிட்டதான் மறைச்சோம். 'நம்ம வீட்டுல யாருக்கும் அந்த வியாதி கிடையாது'ன்னு நெஞ்ச நிமித்திச் சொல்வீங்களே… எப்படிச் சொல்றது?

துரைசாமி: பச்சையே எடும்மா. எல்லாத் தட்டுக்கும் பச்சை.

நாகம்மா: கோவமாண்ணே? ஏன் அந்த எழுத்தையே தடவித் தடவிப் பாக்குறீங்க?

துரைசாமி: கோவமில்ல… எவ்ளோ சின்ன எழுத்து பாரு. இத நம்ம ஊர்க் கடையிலயும் எவனாவது ஒட்டியிருந்தா… மூட்டுவலி, பிளேன் ஏற முடியாதுன்னு சொல்லித்தானே உன் அண்ணிய ஊர்ல விட்டுட்டு வந்தேன்? மூட்டுவலி இல்ல, நாகம்மா. சர்க்கரை முத்தி… ஒரு கால எடுத்துட்டாங்க.